கடைசி அறைக்கு ஒரு தலையணை

மேடையில் வீற்றிருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, முக்குளிப்பவர் சங்கத்துப் பெரியவர்களே, பட்டறைத் தோழர்களே, முன்வரிசையில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் மாமா அவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் வெல்டிங் பிரிவின் தலைமை ஆள். எனக்குப் பற்றவைக்கத் தெரியும், பேசத் தெரியாது. ஆனாலும் இன்று என்னைப் பேசாதே என்று தடுக்க யாருக்குத் தைரியம் இருக்கிறது?

நம் கடலடி விடுதியின் தலைமைப் பொறியாளர் அம்மையார் மறைந்துவிட்டார். எந்நேரமும் தண்ணீருக்குள்ளேயே கிடந்ததால் நமக்கு அவர் 'முங்கு அக்கா'. கடல் அவரை ஒன்றும் செய்யவில்லை, தோழர்களே! கரையில், நம் பட்டறை பெஞ்சில், டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்து போய்விட்டார். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

"பணக்காரன் படுத்துக்கொண்டே மீன் பார்க்க ஒரு லாட்ஜா?" என்று எத்தனை பேர் கேலி செய்தார்கள்! நானே செய்தேன். அக்கா கோபப்பட்டாரா? இல்லையே! "கேலி பண்ணுடா. அவங்க ஒரு ராத்திரி சொகுசாத் தூங்கட்டும், அந்தக் காசுல நாம கத்துக்குவோம். ஒருநாள் சாதாரண சனங்க அங்க குடித்தனம் நடத்துவாங்க. துணி எங்க காயப்போடறதுன்னு சண்டை போடுவாங்க பாரு" என்றார். கடலுக்கடியில் கொடிக்கயிறு கட்டும் கனவு வேறு யாருக்கு வரும்?

ஒவ்வோர் அறையும் கடலில் இறங்கியதும் அதில் முதலில் படுத்தவர் யார்? அக்காதான். எத்தனை கருவிகள் சரியென்று சொன்னாலும் வீட்டிலிருந்து தலையணை வந்துவிடும். அக்காவின் கணவர், தையற்காரரான நம் மாமா, தன் கையால் தைத்த பருத்தித் தலையணை. காலையில் அது உலர்ந்திருந்தால் அறை பாஸ். ஈரமாக இருந்தால் பெயில்.

ஒருமுறை ஈரம்! விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம். கிரேன் வைத்து அறையைத் தூக்கிக் கரையில் போட்டு, நான் பற்றவைத்த இடத்தையெல்லாம் துருவித் துருவிப் பார்த்தோம். கசிவு எங்கே? எங்குமே இல்லை! அப்புறம்தான் அக்காவுக்கே உறைத்தது. முக்குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டாமல் படுத்திருக்கிறார்! மறைத்தாரா? எல்லாரையும் கூப்பிட்டு, "கசிவு நான்தான்யா! இனிமே தலையணை நனைஞ்சா முதல்ல படுத்த ஆளைப் பாருங்க, அப்புறம் ரூமைத் தூக்குங்க" என்று வயிறு வலிக்கச் சிரித்தார்.

தலைவர் அவர்களே, சற்று முன் நீங்கள் பேசினீர்கள். இறக்கிவிட்ட கடைசி அறையில் படுத்துப் பார்க்க அக்கா இல்லை, அதைப் பூட்டி அவர் நினைவாக வைத்துவிடலாம் என்றீர்கள். உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் பூட்டலாமா? மனிதர் குடியிருக்க வேண்டும் என்று உயிரைக் கொடுத்து உழைத்தவருக்குப் பூட்டிய அறையா நினைவுச்சின்னம்? கூடாது! கருவிகள் எல்லாம் சரியென்கின்றன. மிச்சம் ஓர் இரவுதான். நானே படுக்கிறேன் என்று சொல்லத்தான் கிளம்பி வந்தேன்.

வாசலில் மாமாவைப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேல் கடலில் நனையாத மனிதர். பைக்குள் தலையணை. "குடுங்க மாமா, நான் கொண்டுபோறேன்" என்றேன்.

"குடுக்க வரலப்பா. நானே படுக்கறேன். அவ கூப்பிட்டப்பல்லாம் பயந்துக்கிட்டுப் போகல. இதுக்காவது போறேன்."

பையை அவர் கையிலேயே விட்டுவிட்டு, முன்வரிசையில் உட்காரவைத்தேன்.

தோழர்களே, உறுதியெடுப்போம்! கடைசி அறை பூட்டப்படாது. இன்னும் பல அறைகள் இறங்கும். ஒருநாள் குடும்பங்களும் இறங்கும். இன்று மாலை மாமாவை நாம்தான் கீழே அழைத்துப் போகிறோம். பக்கத்து அறையில் நான் இருப்பேன். நாளைக் காலையில் தலையணை நனைந்திருந்தால் யாரும் கிரேனுக்கு ஓடாதீர்கள். அக்கா சொன்னபடி, படுத்தவர் முகத்தை முதலில் பாருங்கள்.