பில் பிரிவுக்கு நான் செய்த உபசாரம்

கேக் வெட்டும்போது கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டால் துண்டு உதிராமல் வரும். விசாரணைக் குழுவில் இருக்கும் உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ. போன வருடம்வரை எனக்கும் தெரியாது. பில் பிரிவில் இருப்பவர்களுக்காகத்தான் கற்றுக்கொண்டேன். கெட்ட எண்ணம் உள்ள ஒருவன் இவ்வளவு மெனக்கெடுவானா என்பதை முதலில் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இந்த மருத்துவமனையின் ஊழியர் நலப் பிரிவுக்கு நான் பொறுப்பாளன். பிரிவு என்றால் நான், ஒரு மேசை, ஒரு எடை இயந்திரம், அவ்வளவுதான். நோயாளிகளைக் கவனிக்க டாக்டர்கள் இருக்கிறார்கள். டாக்டர்களையும் நர்சுகளையும் குமாஸ்தாக்களையும் கவனிக்க நான் இருந்தேன். ஆனால் யாரும் என்னிடம் வந்ததில்லை. தலைவலி என்றால்கூட மருந்தக ஜன்னலில் ஒரு மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

இயக்குநர் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்த பிறகு நிலைமை மாறியது. அங்கே வேறொரு மருத்துவமனைக்காரர், தன் ஊழியர்கள் உடம்பு சரியில்லை என்று லீவே போடுவதில்லை என்று பீற்றிக்கொண்டாராம். நம் இயக்குநருக்கு அன்று சோறு இறங்கவில்லை. வந்ததும் வராததுமாக என்னைக் கூப்பிட்டார்.

"ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்குறோம். நம்ம ஆளுங்க மட்டும் ஏன்யா எப்பப் பாரு படுத்துக்கிறாங்க?"

"உக்காந்தே வேலை பாக்குறாங்க சார், அதான். எழுப்பி நடக்க விட்டா லீவு பாதியாக் குறைஞ்சிடும்."

"ஆராய்ச்சி பண்ணி நிரூபிக்க முடியுமா?"

"முடிவை வேணா இப்பவே சொல்லிடுறேன் சார். ஆராய்ச்சியைப் பின்னாடி பண்ணிக்கலாம்."

அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த கருத்தரங்கில் நான் பேசுவதாக ஏற்பாடாகிவிட்டது. என் படம் போட்டு அழைப்பும் அச்சாகிவிட்டது. என் மனைவி அதை வீட்டுக் கூடத்தில் மாட்டினாள். அதுவரை என்னை "எடை மெஷின்காரர்" என்று அறிமுகப்படுத்திவந்த என் மாமனார், "எங்க மாப்பிள்ளை ஆராய்ச்சி பண்றார்" என்று தெருவெல்லாம் சொல்லத் தொடங்கினார். பின்வாங்குவதற்கு இடமே இல்லாமல் போனது.

இரண்டாம் மாடியில் எதிரெதிரே இரண்டு பிரிவுகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் பதிவேட்டுப் பிரிவு, மறுபக்கம் பில் பிரிவு. நடுவில் கண்ணாடிச் சுவர். பதிவேட்டுக்காரர்களை ஆரோக்கியமாக்குவது, பில் பிரிவை அப்படியே விட்டுவைப்பது, கடைசியில் இரண்டையும் ஒப்பிடுவது. ஆராய்ச்சிக்கு இதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

பதிவேட்டுப் பிரிவினருக்கு லிஃப்டைத் தடை செய்தேன். நாற்காலிகளை எடுத்துவிட்டு உட்காருவதற்குப் பெரிய ரப்பர் பந்துகளைக் கொடுத்தேன். முதுகு நிமிரும் என்றார்கள். மணிக்கு ஒருமுறை நானே விசில் ஊதுவேன்; எல்லோரும் எழுந்து கைகளைத் தூக்கிக் குனிந்து நிமிர வேண்டும். பதினொரு மணிக்கு ஒரு பச்சைச் சாறு. அதில் என்னென்ன இலை போட்டேன் என்று கேட்காதீர்கள், எனக்கே மறந்துவிட்டது.

அந்தப் பிரிவின் தலைவரை எல்லோரும் கட்டைமீசை என்பார்கள். அடக்கமான மனிதர். முதல் நாளே பந்திலிருந்து உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டார். இழுத்து வெளியே எடுத்தோம்.

"சார், எனக்கு முதுகு நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.

"இனிமே இன்னும் நல்லாயிருக்கும்," என்றேன்.

ஒரு மாதத்துக்குள் பதிவேட்டுப் பிரிவில் பாதிப்பேருக்கு முழங்கால் வலி. ஒருவர் விசில் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் கோப்பு அடுக்குகளுக்குள் ஒளிந்துகொண்டு, தேடிப்போனால் சருகுபோல் நகர்ந்து அடுத்த அடுக்குக்குப் போனார். லீவு இரண்டு மடங்காயிற்று. இதற்கெல்லாம் நான் கலங்கவில்லை. உடம்பு பழகும்வரை முரண்டு பிடிக்கத்தான் செய்யும்.

என்னைக் கலங்கடித்தது பில் பிரிவு. அங்கே லீவே இல்லை. ஒருவர் தும்மக்கூட இல்லை. காரணத்தை அறிய அவர்களோடு ஒரு காலைப் பொழுது உட்கார்ந்தேன். நேரம் வந்ததும் நான் அங்கிருந்தே விசில் ஊத, அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கண்ணாடிச் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பக்கம் கட்டைமீசை பந்தின்மேல் உட்கார முயன்றார். இந்தப் பக்கம் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பிரிவுத் தலைவியான ரசீதக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, இப்பல்லாம் காலையில எப்படா ஆபீஸ் வருவோம்னு இருக்கு. எனக்கு ரத்த அழுத்தமே இறங்கிடுச்சு."

ரத்த அழுத்தம் இறங்கினால் ஒப்பீடு என்னாவது? அன்று மாலையே கண்ணாடிச் சுவரை மறைத்துத் தாள் ஒட்டினேன். மறுநாள் அவர்கள் சத்தத்தை வைத்தே யார் விழுந்தது என்று கண்டுபிடித்துச் சிரித்தார்கள்.

எதையும் மறைக்கக் கூடாது என்றுதான் இங்கே வந்திருக்கிறேன். சும்மா விட்டுவைத்தால் அவர்கள் ஆரோக்கியமாகிவிடுவார்கள் என்று தெரிந்துபோயிற்று. ஆகவே சும்மா விட்டுவைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அவர்கள் எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி அவர்களைக் கொண்டுவருவது மட்டுமே என் நோக்கம். சாய்ந்த படத்தை நேராக்கி மாட்டுவதைப் போலத்தான்.

கேக்கில் ஆரம்பித்தேன். வெண்ணெயும் சர்க்கரையும் தாராளமாகப் போட்டு வீட்டிலேயே செய்தேன். என் மனைவி, "ஆபீஸ்ல இருக்கிறவங்க மேல இவ்வளவு பாசமா?" என்று ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பாசம்தான் என்றேன். அவளுடைய தம்பியும் பில் பிரிவில்தான் வேலை செய்கிறான் என்பதால் அவளுக்கும் சந்தோஷம்.

கேக் கொடுத்ததும் அவர்கள் பெருத்தார்கள். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஊருக்குப் போக லீவு கேட்டிருந்தவர்கள்கூடக் கேக்குக்காக வேலைக்கு வந்தார்கள். சொகுசு நாற்காலி வாங்கிப் போட்டேன், இடுப்பு பிடிக்கட்டும் என்று. மதியம் அதில் சாய்ந்து கண்ணயர்ந்து, எழுந்து, புதுப்பூப்போல வேலை பார்த்தார்கள். ஏ.சி.யைக் கூட்டி அறையைக் குளிர்பெட்டியாக்கினேன். ரசீதக்கா வீட்டிலிருந்து கம்பளிகளைக் கொண்டுவந்து ஆளுக்கொன்றாகப் போர்த்திவிட்டார். நான் உள்ளே போகும்போதெல்லாம் எழுந்து நின்றார்கள். "சார் மாதிரி ஒரு மனுஷன் உண்டா," என்று என் காது படவே பேசிக்கொண்டார்கள். பதினைந்து வருட வேலையில் யாரும் எனக்காக எழுந்து நின்றதில்லை. ஆனாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

கருத்தரங்குக்கு நாள் நெருங்கியது. சளிக் காய்ச்சல் ஒன்றுதான் வழி என்று தோன்றியது. சாதாரணக் காய்ச்சல்தான். யாரும் செத்துப்போக மாட்டார்கள். அதைப் பற்றிப் படித்தும் பார்த்துக்கொண்டேன்.

எனக்கோ சளி பிடிப்பதே அபூர்வம். ஆகவே வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் தினமும் போய் உட்கார்ந்தேன். இருமுகிறவர்கள் பக்கத்தில்தான் இடம் பார்ப்பேன். ஒருவர் மரியாதையாகக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கூச்சப்படாதீங்க, தாராளமா இருமுங்க," என்றேன்.

"உங்களுக்கு ஒட்டிக்குமே."

"அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. வேலை விஷயமாத்தான் உக்காந்திருக்கேன்."

அவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார். நானும் போனேன். நல்ல மனிதர், கடைசியில் இருமினார்.

அதற்கு இரண்டாம் நாள் எனக்குக் காய்ச்சல் கண்டது. என் மனைவி மாத்திரை கொடுத்தாள். நாக்குக்கு அடியில் வைத்திருந்து அவள் திரும்பியதும் துப்பினேன். உடம்பு அனலாய்க் கொதிக்க, கால்கள் பின்ன, கேக்கைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். கடமை உணர்ச்சி இல்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

கேக் வெட்டச் சாக்காக இருந்த மனிதர்களின் பிறந்தநாள்கள் எல்லாம் அதற்குள் தீர்ந்துவிட்டிருந்தன. "இன்னைக்கு நம்ம பிரிண்டருக்குப் பிறந்தநாள்," என்றேன். கைதட்டினார்கள். பிரிண்டரால் ஊத முடியாது அல்லவா, மெழுகுவர்த்தியை அதன் சார்பில் நானே ஊதினேன். அணைந்த பிறகும் கொஞ்சம் ஊதினேன். பிறகு கத்தியை வெந்நீரில் நனைத்து அழகாக வெட்டி, ஒவ்வொருவர் வாயிலும் என் கையாலேயே ஊட்டினேன். ரசீதக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் மைத்துனனுக்கு மட்டும் கொஞ்சம் பெரிய துண்டு.

அடுத்து நடந்தது ஊரறிந்தது. ஒரு நாள் காலையில் பில் பிரிவில் ஒருவரும் இல்லை. பில் இல்லாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பது நம் நிர்வாக விதி. குணமானவர்கள் தலைவாரி, பையைக் கட்டி, செருப்பு மாட்டிக்கொண்டு கட்டிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நோயோடு வந்தவர்கள் வராந்தாவில் படுத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் இயக்குநரே பில் போட உட்கார்ந்து, கண் அறுவை சிகிச்சைக்கு வந்த ஒரு முதியவருக்குப் பிரசவத்துக்கான பில்லைக் கொடுத்தார். அந்த முதியவர், "குழந்தை எங்கே?" என்று கேட்டாராம்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், என் மைத்துனன் விரும்பிய பெண்ணின் அப்பா. குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து தையலோடு இருந்தார். அவர் வீடு திரும்பியதும் பேசலாம் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவர் தவிப்பதைக் கேள்விப்பட்ட மைத்துனன், காய்ச்சலோடு எழுந்துவந்து அவருக்குப் பில் போட்டான். அதைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அவர் முகத்தில் தும்மிவிட்டான். வயிற்றில் தையல் போட்ட ஒருவருக்கு இருமல் வரக் கூடாது. வந்தது. ஒரு தையல்தான் விட்டது. மறுபடி போட்டுவிட்டார்கள்.

அன்று காய்ச்சல் தணிந்திருந்த நான் ஆவலோடு கணக்குப் பார்த்தேன். பில் பிரிவின் லீவு பதிவேட்டுப் பிரிவைத் தாண்டிவிட்டிருந்தது. என் முடிவு சரி என்று நிரூபணமாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தை யாரோடும் பகிர்ந்துகொள்ள முடியவில்லையே என்பது மட்டும்தான் குறை.

மற்றதை உங்கள் குழுவில் இடது ஓரமாக அமர்ந்திருக்கும் தொற்றுத் தடுப்பு டாக்டரம்மா அறிவார். காய்ச்சல்காரர்களின் வீடு வீடாகப் போய் அவர் கேட்க, எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள்: "சார் ஊதினாரு, சார் ஊட்டினாரு." அதையும் நன்றியோடுதான் சொன்னார்களாம்.

அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "பந்தும் விசிலும் உடம்பைக் கெடுக்குது, நிம்மதியா விட்டா நல்லாயிருக்காங்கன்னு தெரிஞ்சுபோச்சில்ல? அதையே முடிவா சொல்லியிருக்கலாமே?"

நல்ல கேள்விதான். அப்படியும் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அழைப்பு அச்சாகிவிட்டது, அதில் என் படம் இருந்தது. படத்தில் நான் நம்பிக்கையோடு இருந்தேன்.

நேற்று மைத்துனன் வீட்டுக்கு வந்தான். அந்தப் பெண்ணின் அப்பா கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டாராம். காய்ச்சலோடு எழுந்துவந்து பில் போட்ட பையன் வேறு எங்கே கிடைப்பான் என்றாராம். யோசித்துப் பார்த்தால் இதில் என் பங்கும் இருக்கிறது. நான் சொல்லிக்காட்டவில்லை. மனைவி வாசற்படியில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்," என்றான். "அந்தக் கூட்டத்துல நானும் இருக்கேன்னு தெரிஞ்சுதானே ஊட்டுனீங்க?"

"தெரியும் மாப்ள. உன்னை மட்டும் விட்டா ஆராய்ச்சியில ஓரவஞ்சனை ஆயிடும்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். என் மனைவி உள்ளே போய்க் கூடத்தில் மாட்டியிருந்த அழைப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேக் செய்தது நான், ஊதியது நான், ஊட்டியது நான், எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். என் வாழ்நாளில் நான் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. அவர்களுக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.