தண்டப் பூவும் தண்ணீர்க் கறையும்

கம்பீரமாக வணக்கம் சொல்லித் தொடங்குங்கள் என்றுதான் என் மனைவி தாளில் எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாளிலேயே நேற்று வெண்டை விதையை மடித்து வைத்தவன் நான். விரித்த வேகத்தில் விதையெல்லாம் தலைவர் மடியில். ஐயா, உங்கள் தேநீரில் மிதப்பது ஏலக்காய் அல்ல, தயவுசெய்து குடித்துவிடாதீர்கள்!

சிரியுங்கள், சிரியுங்கள். நான் மேடை ஏறினால் முதலில் மானம்தான் இறங்கும்.

மணியைக் கையிலும் பொறுமையை மனத்திலும் ஏந்தி அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! முட்டி வலியோடு மாடிப்படி இறங்கி வந்திருக்கும் பெரியவர்களே! அரிசி களைந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் என் தொட்டிகளுக்குத் தந்த தாய்மார்களே! தண்ணீர் தராமல் தக்காளியை மட்டும் பறித்துச் சென்ற தாய்மார்களே! கடைசி வரிசையில், எப்போது எழுந்து போகலாம் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

மொட்டைமாடிச் செடித்தொட்டிகளை அகற்றுவதா, வேண்டாமா? அதற்குத்தான் கூடியிருக்கிறோம். என் தொட்டிகளின் கீழே குடியிருப்பவர் தையல்கார அம்மா. அவர் வீட்டுக் கூரையில் முதலில் ஒரு கறை வந்தது. கறை வளர்ந்தது, காரை உதிர்ந்தது, ஒருநாள் பெயர்ந்து தையல் மெஷின் மேலேயே விழுந்தது.

"என் தலையில விழுந்திருந்தா யார் பதில் சொல்றது?"

நியாயம், அம்மா. நூற்றுக்கு நூறு நியாயம். உங்கள் கூரையைக் கெடுத்தது என் கைத்தண்ணீர். அதை மறுக்க நான் மேடை ஏறவில்லை.

பிறகு எதற்கு ஏறினேன்?

என் மகனைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் சொல்லியிருப்பீர்கள். வேலை செய்த இடத்தில் அவன் பிரிவையே மூடிவிட்டார்கள். அங்கே மூடிய கதவோடு அது முடிந்து போயிருக்கலாம். வீட்டுக்கு வந்து அவனும் தன் அறைக்கதவை மூடிக்கொண்டான். சாப்பாட்டுத் தட்டு வாசலில் வைத்தபடி இருக்கும், ஆறும், காயும். தட்டினால் "ம்". கேட்டால் "ம்". கெஞ்சினால் அந்த "ம்"மும் இல்லை. பெற்ற பிள்ளையின் குரலைக் கேட்கக் கதவில் காதை வைத்து நின்றிருக்கிறீர்களா? நான் நின்றிருக்கிறேன். உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும்.

இதையெல்லாம் அவனைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "எதையாவது சொல்லித் தொலைங்கப்பா" என்றான்.

ஒருநாள் விடியற்காலை அவன் மாடிக்குப் போனான். நானும் சட்டைகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினேன். என் தொந்தியை அன்று பார்த்த எதிர்வீட்டுக்காரர் மன்னிக்கவும். போய்விட்டேன். என்ன பேசுவது? பக்கத்தில் பூசணிக்கொடி. வழக்கம்போலப் பூவைக் கிள்ளிக்கொண்டே கேட்டேன்.

"ஏண்டா, இந்தப் பூசணி ஏன் காயே பிடிக்க மாட்டேங்குது?"

மெல்லத் திரும்பினான். "கையில என்னப்பா?"

"தண்டப் பூடா. காம்பு மட்டும் நீளமா இருக்கு, அடியில பிஞ்சே இல்ல. சத்து வீணாகுதேன்னு தினமும் கிள்ளிடறேன்."

"அப்பா! அது ஆண்பூப்பா! எல்லாத்தையும் கிள்ளிட்டு எப்படிப்பா காய்க்கும்? கொஞ்சமாவது யோசிக்க மாட்டீங்களா?"

அன்பர்களே! ஆயிரம் பேர் புகழ்ந்தாலும் கிடைக்காத ஆனந்தம், அவன் ஒருவன் திட்டியதில் கிடைத்தது. கதவு மூடிய நாளிலிருந்து அவன் என்னிடம் முழுதாகப் பேசியது அதுதான். கிட்டே வந்தான். என் கையிலிருந்த பூவை வாங்கினான். இதழை உரித்தான். உள்ளே இருந்த மஞ்சள் தண்டைப் பிஞ்சுள்ள பூவின் நடுவில் மெதுவாகத் தடவினான். "இவ்வளவு உயரத்துக்குத் தேனீ வராதுப்பா. பூ வாடறதுக்குள்ள நாமதான் செய்யணும்" என்றான்.

கீழே வந்து சொன்னேன். என் மனைவி கேட்டாள், "இத்தனை நாளா ஆண்பூவைக் கிள்ளிக்கிட்டா இருந்தீங்க? உங்களை நம்பி நானும் கழுத்தை நீட்டினேன் பாருங்க!" சொல்லிவிட்டு அடுப்படியில் திரும்பி நின்று அழுதாள்.

அன்று முதல் அவன் தினமும் ஏறினான். எத்தனை பூ பூக்கும் என்று பார்க்க ஏறினான், எந்தப் பிஞ்சு தங்கும் என்று பார்க்க ஏறினான். பாதிப் பிஞ்சு பழுத்து உதிர்ந்தது. ஒன்றே ஒன்று தங்கியிருக்கிறது. அதற்குப் பழைய துணியில் தொட்டில் கட்டியிருக்கிறான்.

தொட்டிகளை அகற்ற வேண்டும் என்ற அறிவிப்பு படிக்கட்டில் ஒட்டப்பட்ட அன்று, அவன் அறைக்கதவு மறுபடியும் மூடியது. இன்று கூட்டம் என்பதால்தான் திறந்தது.

மணி அடிக்கிறீர்கள், ஐயா. முடிக்கிறேன்.

தீர்மானத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தொட்டிகளைத் தண்ணீர்த்தொட்டி மேடைக்கு நகர்த்த அனுமதி கேட்கிறேன். அதன் கீழே யார் வீடும் இல்லை, படிக்கட்டுதான் இருக்கிறது. செங்கல் மேல் வைக்கிறேன், அடியில் தட்டு வைக்கிறேன். தையல்கார அம்மாவின் கூரையை என் செலவில் பூசித் தருகிறேன். தக்காளி போகட்டும், வெண்டை போகட்டும், கத்தரியும் கீரையும் போகட்டும்! ஒரு கொடி, ஒரே ஒரு கொடி இருக்கட்டும்! காய்க்காகக் கேட்கிறேனா? கறிக்காகக் கேட்கிறேனா? நாளைக் காலையும் ஒருவன் கதவைத் திறந்து வெளியே வரக் காரணம் வேண்டும் என்று கேட்கிறேன்!

கைதூக்கப் போகும் எல்லோருக்கும், தூக்காமல் இருக்கப் போகிறவர்களுக்கும், விதை விழுந்த தேநீரோடு பொறுமை காத்த தலைவருக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்.

மேடையில் சொல்லாமல் விழுங்கியது ஒன்று உண்டு. கடைசி வரிசையில் அவன் உட்கார்ந்திருந்தான். அன்று விடியற்காலை அவன் மாடிக்கு வந்தது பூவைப் பார்க்க அல்ல. நான் ஓடிப் போனபோது, அவன் செருப்பு இரண்டும் கைப்பிடிச் சுவரோரம் ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.