நாலாவது கட்டத்துக்கு ஒரு ஆள்

அதத்தாண்ணே சொல்லவாரேன்… நம்ம விளையாட்டுச் செய்தி டிவிய கிரிக்கெட்டுக்காகத் தொடங்குனதா காரைக்குடியே நம்பிக்கிட்டிருக்கு. மாபெரும் வரலாற்றுப் பிழை! தொடங்குனது நாந்தான், இந்தச் செம்மலை. மாட்டுவண்டிப் பந்தயத்துக்காகத் தொடங்குனது. வேணும்னா எழுதியே தாரேன்.

உக்காருங்க பொன்னழகண்ணே. பந்தயப் பதிவுக்குத்தான நெற்குப்பையிலேர்ந்து வந்திருக்கீக? ஒங்க வண்டியும் புதுவயல் கருத்தையா வண்டியும் ஒண்ணா எல்லையத் தொட்டுருச்சு, டிவிப் பதிவு காட்டுறதுதான் தீர்ப்புன்னு கமிட்டி சொல்லிருச்சு, அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும். தெரியும்ணே. மணி நாலுதான ஆகுது? காப்பி வருது.

மொதல்ல தனி டிவியே கெடையாது. கேபிள்ல ஓடுற படத்துக்கு அடியில ஒரு வரி ஓடும். 'பெரிய மாட்டுப் பிரிவு, மொதப் பரிசு இன்னாரு.' அம்புட்டுத்தான். சனம் படத்த விட்டுட்டு அந்த வரியத்தான் பாக்கும். பெறகு அரைமணி நேரம் குடுத்தாக. பெறகு இருவத்துநாலு மணி நேரம்! அம்புட்டு நேரம் எந்த மாடுண்ணே ஓடும்? ஓடுனதையே திரும்பத் திரும்பப் போட்டோம். ஒரே மாடு நாளைக்குப் பதினோரு தடவ செயிச்சுச்சு.

அதுக்கப்பறம்தான் விவாதம். பெரிய சேனல்ல நாலு கட்டம் போட்டு நாலு பேரு கத்துறாகள்ல? அதேதான். 'திருப்பத்துல வலத்து மாட்டத் தட்டணுமா, எடத்து மாட்டையா?' ஒண்ணேகால் மணி நேரம்! பாத்தீகளா? இல்லையா… நல்லவேள.

இந்தா, பதிவுக்குத்தாண்ணே வாரேன். நாலு கட்டம்னா நாலு ஆளு வேணும்ல? ஞாயித்துக்கெழம நம்ம மாடிக்குக் கீழ ரோட்டுல பந்தயம் ஓடுது, இங்குட்டு 'செயிக்கப்போவது யாரு?' விவாதம் ஓடுது. நான், செய்தி வாசிக்கிற சித்ரா, கபடிக் கோச்சு அழகுசுந்தரம். நாலாவது ஆளு வயித்தவலின்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. கட்டம் கருப்பாக் கெடக்கு. அதுல அரிசிமில்லு வெளம்பரமா போடமுடியும்? எல்லைக்கோட்டுல கேமராவோட நின்ன நியாஸ, "ஓடியாடா மேல"ன்னு கூப்புட்டு உக்காரவச்சேன். என்னமாப் பேசுனான் தெரியுமா! ஒங்க வண்டிதான் செயிக்கும்னு அடிச்சுச் சொன்னாண்ணே.

கேமராவா? தோள்லயே கொண்டாந்துட்டான். பின்ன, வெயில்லயா விட்டுட்டு வருவான்?

சன்னல்வழியாப் படம் புடிச்சிருக்கலாம்தான்… சனம் கத்துன கத்து விவாதத்துக்கு எடஞ்சலா இருந்துச்சுண்ணே. நாந்தான் எந்திரிச்சுச் சாத்துனேன்.

அப்புடிப் பாக்காதீக. விவாதப் பதிவு முழுசா இருக்கு, அத வேணும்னா கமிட்டிக்கு… அண்ணே! காப்பி வந்துருச்சுண்ணே! அண்ணே!

…ஹலோ. கமிட்டித் தலைவரா? பொன்னழகண்ணே படியிறங்கையிலேயே போன் போட்டுட்டாகளா? …சரி. வாற ஞாயித்துக்கெழம ரெண்டு வண்டியும் மறுபடி ஓடணும். சரிங்க. எங்க கேமராவுக்கு எடம்? …எல்லைக்கோட்டுலேர்ந்து அரைக் கிலோமீட்டரு தள்ளியா? சரிங்க. புளியமரத்துக்கு அங்குட்டு.