கேம் கியரில் இருந்த ஊதாக் கோடு

என் பெயர் அம்சவல்லி. வயது 18. தகப்பனார் பெயர் கோபால்சாமி. ஜமுனாமரத்தூரில் போளூர் சாலையோரம் குடியிருக்கிறோம். நான் ஒன்பதாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன். வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறோம். முதலில் அதை என் அண்ணன் சின்னராசு நடத்தினார். நானும் அவரோடு வேலை செய்தேன். சென்ற ஆண்டுக் கடைசியில் அவருக்குத் திருமணமாகி, போளூருக்குப் போய்த் தனியாகக் கடை வைத்துவிட்டார். அதன் பிறகு இந்தக் கடையில் வேலை முழுவதும் நான்தான் செய்கிறேன். வருகிறவர்களிடம் பேசுவது என் தகப்பனார். எனக்கு அதிகம் பேச வராது.

இந்தப் போலீஸ் வழக்கில் உள்ள மோட்டார் சைக்கிள் எங்கள் ஊர் சசிகலாவுடையது என்பதே எனக்குத் தெரிந்த விவரம். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவருடைய கணவர் கேரளாவில் தோட்ட வேலை செய்கிறார். அக்கா மலைக் கிராமங்களுக்குப் போய்ச் சாமையும் புளியும் வாங்கி, மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டு வந்து சந்தையில் விற்பவர்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், அண்ணன் இங்கே இருந்தபோது, அந்த வண்டி புகை விடுகிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று எங்கள் கடைக்கு வந்தது. நாங்கள் இன்ஜினைப் பிரித்து, பிஸ்டனும் ரிங்கும் மாற்றினோம். பல் தேய்ந்திருந்ததால் கேம் கியரையும் டைமிங் செயினையும் மாற்றினோம். கேம் கியர் என்பது இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குள் இருக்கும் பல்சக்கரம். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது, அந்தச் சக்கரத்தில் உள்ள கோடு ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வால்வு நேரம் தவறித் திறக்கும், வண்டி ஏற்றத்தில் இழுக்காது. எங்களுக்குக் கிடைத்த கியர் அசல் கம்பெனிப் பொருள் இல்லை. அதில் கோடே ஒரு பல் தள்ளி வெட்டப்பட்டிருந்தது. கோட்டைப் பார்த்து மாட்டினோம். வண்டி ஸ்டார்ட் ஆனது, ஆனால் சைலன்சரில் வெடிச் சத்தம் வந்தது, கோயில் மேட்டில் ஏறாமல் நின்றுவிட்டது. அதன் பிறகு நான் மறுபடியும் மூடியைக் கழற்றி, கோட்டை விட்டுவிட்டு அடுத்த பல்லில் மாட்டினேன். நன்றாக இழுத்தது.

இனிமேல் பிரிப்பவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்து ஏமாறக்கூடாது என்று சரியான இடத்தில் அடையாளம் வைக்க நினைத்தேன். உளி போன்ற பஞ்ச் வைத்துக் குறி அடித்தால் கியர் விரிசல் விட்டுவிடும் என்று அண்ணன் சொன்னார். என்னிடம் சந்தையில் வாங்கிய நெயில் பாலிஷ் ஒன்று இருந்தது. ஊதா நிறம், ஜிகினா கலந்தது. அதை நான் விரலில் போட்டதில்லை. அதை எடுத்து வந்து கியரில் ஒரு கோடு இழுத்தேன். அண்ணன் பார்த்துச் சிரித்து, “இன்னா பாப்பா, இன்ஜினுக்கு நலங்கு வெக்கிறியா?” என்றார். சசிகலா அக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர், “வெக்கட்டும் வுடு சின்னராசு. எனக்குத்தான் போட்டுக்க நேரமில்ல, என் வண்டியாவது போட்டுக்கட்டும்” என்றார்.

அதன் பிறகு அண்ணனும் தான் பிரிக்கிற இன்ஜின்களில் அதே நெயில் பாலிஷில் அடையாளம் வைக்கத் தொடங்கினார். நான் கியரில் மட்டும் கோடு இழுப்பேன். அண்ணன் கியரை இறுக்கும் இரண்டு போல்ட்டுகளின் தலை மீதும் சேர்த்து இழுப்பார். போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டும் என்பது அவர் கணக்கு. போளூருக்குக் குடிபோகும்போது அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டார். “நீ எங்க போட்டுக்கப் போற, குடு” என்றார். நான் கொடுத்தேன்.

இந்த ஆண்டு புளி சீசனில், ஒரு சந்தை நாளில் சசிகலா அக்காவின் வண்டி காணாமல் போனது. அவர் புகார் கொடுத்தார். அதன் பிறகு அவர் மூட்டையைத் தலையில் வைத்து நடந்தும், பஸ் கிடைத்தால் பஸ்ஸிலும் வந்துகொண்டிருந்தார். கொஞ்ச நாள் முன்பு அமிர்தி போகும் வழியில் நடந்த வாகனச் சோதனையில், சிவசங்கர் என்பவர் ஓட்டி வந்த வண்டியை நிறுத்திப் பார்த்ததில், இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் தேய்த்து அழிக்கப்பட்டிருந்ததாக எனக்குச் சொல்லப்பட்டது. பெயின்டும் சீட்டும் மாற்றப்பட்டிருந்தன. சசிகலா அக்கா, இன்ஜினுக்குள் அம்சவல்லி வைத்த அடையாளம் இருக்கும் என்று சொன்னதால் என்னை இந்த ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள்.

இன்று காலை நான் புறப்படும்போது அண்ணன் போன் செய்தார். “போலீஸ் கேசுல நமக்கு இன்னாத்துக்கு பாப்பா? எல்லா இன்ஜினும் உள்ள ஒரே மாதிரிதான் இருக்கும். அடையாளம் தெர்லன்னு சொல்ட்டு வூட்டுக்கு வந்துடு” என்றார். நான் ஸ்டேஷனுக்குப் போவதால் பயப்படுகிறார் என்று நினைத்தேன். சரி என்று சொன்னேன்.

அதன் பிறகு நானும் என் தகப்பனாரும் ஸ்பேனர் பையோடு இங்கே வந்தோம். வண்டி பின்பக்கம் நிறுத்தப்பட்டிருந்தது. சசிகலா அக்கா சும்மாட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சிவசங்கர் சுவரோரம் உட்கார வைக்கப்பட்டிருந்தார். உதவி ஆய்வாளர் என்னிடம், “உன் வேலைதான்னு உறுதியா சொன்னாத்தாம்மா அந்தம்மாவுக்கு வண்டி. இல்லன்னா இவருக்குத்தான் போவும்” என்றார். நான் ஹெட்டின் பக்க மூடியைக் கழற்றி, இன்ஜினைச் சுழற்றும் மேக்னட் சக்கரத்தைத் திருப்பி, பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தினேன். கியரோடு வந்த கோடு வெட்டிலிருந்து ஒரு பல் தள்ளி நின்றது. வெட்டுக்கு நேராக ஊதாக் கோடு நின்றது. இது நான் வைத்த அடையாளம் என்று சொன்னேன். சசிகலா அக்கா அழுதார்.

அப்போது சிவசங்கர் எழுந்து, “சார், வண்டி நாலு வருசமா என்கிட்டதான் கீது. போன மாசம் வேலைக்கு வுட்டேன், அங்க போட்ட கோடு சார் இது. போன வருசம் போட்டதா இருந்தா எண்ணெயில கெடந்து இப்டி பளபளன்னா இருக்கும்?” என்றார். எந்தக் கடை என்று கேட்டதற்கு, ஞாபகம் இல்லை என்றார். உதவி ஆய்வாளர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “புதுசாத்தான் இருக்குது. இன்னாம்மா சொல்ற?” என்று என்னிடம் கேட்டார். நானும் குனிந்து பார்த்தேன். கோட்டில் ஜிகினா மின்னியது. இரண்டு போல்ட்டுகளின் தலை மீதும் அந்தக் கோடு போயிருந்தது.

நான் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். பெண் காவலர் ரேணுகாதேவி எனக்குத் தண்ணீர் கொடுத்தார். உதவி ஆய்வாளர் அவசரப்படுத்தவில்லை. சசிகலா அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தகப்பனாரும் பார்த்தார். பிறகு நான், இதில் இரண்டு கோடு இருக்கிறது, கீழே இருப்பது நான் போட்டது, மேலே இருப்பது என் அண்ணன் சின்னராசு போட்டது என்று சொன்னேன். என் தகப்பனார் எழுந்து வெளியே போனார். சிவசங்கர் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு நான் மேல் கோட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினேன். அதன் கீழே எண்ணெய் ஏறிப் பழுப்பாகிப்போன பழைய கோடு இருந்தது. அது போல்ட் மீது போகவில்லை, கியரோடு நின்றிருந்தது. மேல் கோடு இல்லாவிட்டாலும் அந்தப் பழைய கோடு சும்மா பார்த்தால் தெரியாது. அங்கே ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவர் எண்ணெயைத் துடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கியரைத் தனியாகப் போட்டோ எடுக்க வேண்டும் என்று உதவி ஆய்வாளர் சொன்னார். கியரைக் கழற்றும்போது செயினை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், விட்டால் இன்ஜினுக்குள் விழுந்துவிடும். எங்கள் கடையில் அதை அண்ணன் பிடிப்பார். நான் சுற்றிலும் பார்த்தேன். என் தகப்பனார் உள்ளே வந்து, என் பக்கத்தில் குந்தி, செயினை விரலில் மாட்டிக்கொண்டு, “புடிச்சிக்கினேன், நீ கழட்டு” என்றார். போட்டோ எடுத்து முடிக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை. அதன் பிறகு நான் அதே ஊதாக் கோடு வெட்டுக்கு நேராக நிற்கும்படி கியரை மாட்டி மூடினேன். உதவி ஆய்வாளர் சொன்னபடி சசிகலா அக்கா கிக்கரை உதைத்தார். வண்டி ஸ்டார்ட் ஆனது. கோர்ட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், இனி தடை இல்லை என்று அவரிடம் சொன்னார்கள்.

வண்டியைத் திருடியது யார் என்று எனக்குத் தெரியாது. அண்ணனுக்கு அதில் என்ன பங்கு என்றும் தெரியாது. இன்ஜினைத் திறந்தபோது அது யாருடைய வண்டி என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டார். அதே சமயம், பெயின்ட் கரைக்கும் தின்னர் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்திருந்தால் என் கோடு போயிருக்கும், வண்டியும் சிவசங்கருக்கே போயிருக்கும். அண்ணன் அதை அழிக்கவில்லை. என் கோட்டின் மேலேயே புதுக் கோடு இழுத்து, சரியான பல்லில் மாட்டி அனுப்பியிருக்கிறார். யாரும் கேட்காவிட்டாலும் இதையும் எழுதிக்கொள்ளும்படி நான் கேட்டேன். எழுதிக்கொண்டார்கள்.

இதில் உள்ளவை எல்லாம் நான் என் வாயால் சொன்னவை. என்னை யாரும் மிரட்டவில்லை, எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெண் காவலர் படிக்கக் கேட்டேன், பிறகு நானும் வாங்கிப் படித்தேன். நடந்ததற்கு மாறாக ஒன்றும் இல்லை என்று அறிந்து, என் தகப்பனார் முன்னிலையில் கையெழுத்திடுகிறேன்.

ஒப்பம்
கோ. அம்சவல்லி