அவர் சேர வேண்டாம் என்ற கல்லூரியில்

மேடையில் வீற்றிருக்கும் செயலர் அவர்களே, முதல்வர் அவர்களே, துயரத்தோடு கூடியிருக்கும் ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் அம்மையாரின் தம்பி அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். மறைந்த பேராசிரியர் அம்மையார் இந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியேற்றது 1981 ஜூன் 14 என்று இரங்கல் கூட்ட அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறீர்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் சேர்ந்தது திங்கட்கிழமை, 15ஆம் தேதி. முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தவருக்கு ஒரு தேதியையாவது சரியாகத் தந்திருக்கலாம்.

மாணவர்கள் அவரைக் 'கடைசி பெஞ்ச் அம்மா' என்பார்கள். ஆசிரியராக விரும்பி வரும் எவரையும் முதலில் நம் வளாகத்துப் பயிற்சிப் பள்ளிக்கு அழைத்துப் போவார். சிறுவர்கள் முன்னே நிற்க வைத்துவிட்டுத் தாம் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். அதன் பிறகுதான் சேர்க்கை பற்றிய பேச்சு.

அந்தப் பள்ளி எங்கே? 2009 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. அது நின்ற இடத்தில்தான், பெரியோர்களே, இந்தக் குளிரூட்டிய அரங்கில் நாம் அமர்ந்திருக்கிறோம்.

அடுத்த ஆண்டுச் சேர்க்கையின்போது ஒரு தகப்பனார், "கட்டடமெல்லாம் பிரமாதமா இருக்கே மேடம், பொண்ணை இங்கயே சேத்துடலாம்ல?" என்றார். அம்மையார் சொன்னார்: "கட்டடமா பாடம் நடத்தப் போகுது? நாலு வருஷத்துல உங்க பொண்ணு பிள்ளைங்க முன்னாடி எப்ப நிப்பான்னு ஆபீஸ்ல கேளுங்க. பதில் வரலைன்னா பெட்டியை இறக்காதீங்க."

பதில் வரவில்லை. பெட்டி இறங்கவில்லை. 2010 மே 3 அன்று அம்மையாரைச் சேர்க்கைக் குழுவிலிருந்து இறக்கினார்கள். அன்று அவருக்காக யார் பேசினார்கள்? இம்மேடையில் இருப்பவர்களில் ஒருவரும் இல்லை. இன்றோ அவருடைய படம் வாசலில் ஆளுயரத்துக்கு நிற்கிறது. இறந்தவர் எதிர்த்துப் பேசமாட்டார் அல்லவா?

சற்று முன் செயலர் அவர்கள், அம்மையாரின் தம்பி மகளுக்கு, அவர் நினைவாக, இங்கே கட்டணமில்லா இடம் என்று அறிவித்தார். கைதட்டினீர்கள்.

இம்மாதம் 2ஆம் தேதி மருத்துவமனையில் அந்தப் பெண் கேட்டபோது, அம்மையாரோடு இங்கே பணியாற்றிய நானும் உடனிருந்தேன்.

"அத்தை, உங்க காலேஜ்லயே சேந்துடட்டுமா? வீட்டுக்குப் பக்கம்னு அப்பா சொல்றார்."

"பஸ் ஸ்டாப் கூடத்தான் பக்கத்துல இருக்கு. அங்க போய் நாலு வருஷம் உக்காந்திருப்பியா? பிள்ளைங்க சத்தம் கேக்குற காலேஜா பாத்துச் சேருடி."

அப்படி ஒன்று பேருந்துப் பணிமனைக்கு அப்பால் இருக்கிறது. சின்னக் கல்லூரி, ஒழுகும் கூரை. முதலாண்டிலிருந்தே மாணவர்கள் அங்குள்ள பள்ளியில் பாடம் எடுக்கிறார்கள். கைதட்டல் அடங்கியதும் அந்தப் பெண் என் காதருகே குனிந்து, "தாத்தா, நான் அங்கதான் சேரப் போறேன். அப்பாகிட்ட சொல்லப் பயமா இருக்கு, நீங்க சொல்லுங்களேன்" என்றாள்.

தம்பி அவர்களே, சொல்லிவிட்டேன். வரும் திங்கட்கிழமை அவளை நானே அழைத்துச் செல்கிறேன். அம்மையார் விட்டுச்சென்ற பணியில் என் பங்கு அது. இனி இங்கே பிள்ளைகளைச் சேர்க்க வரும் ஒவ்வொரு பெற்றோரிடமும் அவருடைய கேள்வியைக் கேட்கச் சொல்வேன். என் மூச்சுள்ளவரை சொல்வேன்.

செயலர் அவர்களே, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள். கொடுக்கும்போது, இங்கே இருந்த பள்ளிக்கூடம் என்னவாயிற்று என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.