மைக்ரோவேவோடு கொடுத்த கிட்டார்

பழைய மைக்ரோவேவ் அடுப்பைத் தனியாக விற்க முடியாது. கூடவே ஏதாவது ஒன்றை இனாமாக வைக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியோ, துணி காயப்போடும் ஸ்டாண்டோ, எதுவானாலும் சரி. இனாம் என்றதும் வாங்க வந்தவன் முகம் மலர்ந்துவிடும். அதற்குப் பிறகு அடுப்பின் கதவு சரியாக மூடுகிறதா என்றுகூடப் பார்க்க மாட்டான்.

நீங்கள் கேட்கும் கிட்டார் அப்படித்தான் என் கையை விட்டுப் போனது. முதலிலிருந்து சொன்னால்தான் நியாயம் யார் பக்கம் என்று உங்களுக்குப் புரியும். மொழிபெயர்க்கும் இந்தத் தம்பி நான் சொல்வதை அரபியில் நிதானமாக எழுதட்டும். எனக்கு அவசரமில்லை.

என் பெயர் செல்வசிங். ஊர் குளச்சல் பக்கம். கம்பெனியில் ஏசி வேலையும் கரண்ட் வேலையும் பார்க்கிறேன். இங்கே துபாயில், அல் குசைஸில், விசா கேன்சல் ஆகி ஒரேயடியாக ஊருக்குப் போகும் நம் ஆட்கள் கட்டில், பிரிட்ஜ், மிக்சி எல்லாவற்றையும் என்னிடம்தான் தள்ளிவிட்டுப் போவார்கள். நான் துடைத்து, பழுது பார்த்து, புதிதாகக் குடும்பத்தைக் கூட்டி வருகிறவர்களுக்குக் கொடுப்பேன். ஓடாத பொருளை ஓடும் என்று சொல்லி விற்றதில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

முன்பு நான் ஓமானில் சோஹாரில் இருந்தபோது, துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குத் திரும்பினார். அவர் வீட்டு ஏசிகளை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது ஓர் எலெக்ட்ரிக் கிட்டாரையும் அதன் ஒலிப்பெட்டியையும் என் வண்டியில் ஏற்றிவிட்டார். வார்னிஷ் வெடித்த பலகை, துருவேறிய திருகுகள். துபாய்க்கு மாறியபோது அதுவும் சும்மா கூட வந்தது.

பிறகு தாரகன் வந்தான். யாழ்ப்பாணத்துப் பையன், கார்கோ ஆபீசில் வேலை. கஜந்தியைக் கல்யாணம் செய்து அப்போதுதான் கூட்டி வந்திருந்தான். மைக்ரோவேவ் கேட்டார்கள். அதை அவன் தலையில் கட்டுவதற்காக, மூலையில் கிடந்த கிட்டாரையும் பெட்டியையும் இனாம் என்றேன். அவன் அடுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் நன்றாக வாசிப்பான். அதை நான் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு எங்கள் சபை வாடகைக்கு எடுத்த ஹாலில் அவன் வாசித்துக்கொண்டே பாடுவான். சவுண்டு, லைட், ஸ்டோர் ரூம் சாவி எல்லாம் என் பொறுப்பு. அந்தப் பெட்டி பழைய காலத்து இரண்டு கம்பி வயரில் ஓடியது. கிட்டார்க் கம்பியைத் தொட்டால் சுருக்கென்று கடிக்கும். அதைக் கழற்றிவிட்டு, எர்த் உள்ள வயரைப் போட்டுக் கொடுத்தவனும் நான்தான். அதற்குக் காசு வாங்கவில்லை. இதையும் எழுதச் சொல்லுங்கள்.

போன வருஷம் ஜுமைராவில் ஒரு டச்சுக்காரர் வீட்டுக்கு ஏசி பார்க்கப் போனேன். சுவர் முழுக்கக் கண்ணாடிக்குள் கிட்டார்கள். இதுபோல் ஒன்று என்னிடமும் இருந்தது என்று போனில் ஆராதனைப் படத்தைக் காட்டினேன். மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வகையில் உலகத்தில் மிஞ்சியிருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாமாம். கிட்டாரும் பெட்டியும் சேர்ந்து வந்தால் அவர் சொன்ன தொகையில் நான் குளச்சலில் வீட்டைக் கட்டி முடித்து, இந்த வெயிலை விட்டே போயிருக்கலாம். மைக்ரோவேவோடு கொடுத்தேனே என்று என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தாரகனிடம் போனேன். ஒளிக்கவில்லை. விலையைச் சொன்னேன், ஆளுக்குப் பாதி என்றும் சொன்னேன். இனாமாக வாங்கிய ஒருவனுக்குப் பாதி கொடுக்க எவன் முன்வருவான்?

அவன் சிரித்தான். "விக்கேலாது அண்ணை. இது நீங்கள் தந்ததெல்லோ. அன்பாத் தந்த சாமானை வித்துக் காசாக்கினா வடிவே?"

"நான் சும்மா தந்ததுதானடே. பொறவு என்ன?"

"அதுதான் அண்ணை சொல்லுறன். இந்த ஊரில ஆர் எனக்குச் சும்மா ஒண்டு தந்தது? கஜந்தியைக் கேட்டுப் பாருங்கோ. வாற ஆக்களிட்டையெல்லாம் செல்வசிங் அண்ணை தந்ததெண்டுதான் சொல்லுவன்."

கஜந்தி உள்ளேயிருந்து தேநீர் கொண்டுவந்தாள். நான் குடித்தேன். குடிக்கும்போதே எனக்குக் கோபம் தலைக்கேறியது; இன்றுவரை இறங்கவில்லை. அடுப்பு விற்பதற்காகக் கொடுத்த இனாமை இவன் அன்பளிப்பு ஆக்கிவிட்டான். அன்பளிப்பு என்று சொல்லிவிட்டால் நான் எப்படித் திருப்பிக் கேட்பது? என்னை நல்லவனாக்கி என் வாயை அடைத்துவிட்டான். இதைவிடச் சாமர்த்தியமான ஏமாற்று வேலையை நான் பார்த்ததில்லை.

டச்சுக்காரர் பெட்டியையும் பார்க்க வேண்டும் என்றார். ஹாலுக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். எல்லாம் அருமை, வயர் மட்டும் புதிது, பழைய வயரோடு இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். நான் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை. கழற்றிய வயர் வீட்டில் பத்திரமாக இருந்தது. அதை எடுத்துவந்து பெட்டியில் திரும்ப மாட்டினேன். செய்த கம்பெனி எப்படிச் செய்ததோ அப்படியே ஆக்கினேன். இது குற்றமென்றால் முதலில் அந்தக் கம்பெனிக்காரனை அல்லவா பிடிக்க வேண்டும்?

மைக்கின் ஸ்பாஞ்சு உறையில் எச்சில் நாற்றம் அடித்தது. கழுவிப் போட எடுத்துப் போனேன். ஹாலில், கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் பிரேக்கர் அடிக்கடி விழுந்து பாட்டு நடுவில் நின்றுவிடும். சனங்கள் என்னைத்தான் ஏசுவார்கள். அது விழாமல் இருக்க அதை ஒதுக்கிவிட்டு நேர் கனெக்‌ஷன் கொடுத்தேன். சபையில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பது நம் வழக்கம். அதை நான் உண்டாக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், எதில் தப்பு இருக்கிறது?

சேர்த்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள். என் வக்கீல் அப்படித்தான் சொல்லச் சொல்கிறார். இத்தனை வருஷம் கரண்ட் வேலை பார்த்தவனுக்குத் தெரியாதா? தெரியாது என்று சொன்னால் அது என் வேலைக்கு அவமானம். கிட்டார்க் கம்பியில் கையும் மைக்கில் உதடும் பட்டால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்றும் தெரியும். கஜந்தியின் விசா அவன் பேரில் இருந்தது. அவன் இல்லையென்றால் அவளும் இங்கே இருக்க முடியாது. சாமான்களை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போவாள்.

அப்படித்தான் நடந்தது. கட்டிலுக்கும் பிரிட்ஜுக்கும் நல்ல விலை கொடுத்தேன். கிட்டாருக்கு அவள் காசு வாங்க மறுத்துவிட்டாள். "நீங்கள்தானே அண்ணை தந்தது, நீங்களே கொண்டுபோங்கோ. என்னால இதைப் பாக்கேலாது" என்று அழுதாள். பார்த்தீர்களா? கடைசியில் அவளே ஒப்புக்கொண்டாள்.

என் மனைவி தேவகனி நர்ஸ். அன்று ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தவள் அவள்தான். சாமான்களை இறக்கி முடித்த அன்று என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மைக்குக்க ஸ்பாஞ்சு எங்க?"

"களுவிக் காயப் போட்டிருக்கேன்."

"ஆராதனை அன்னைக்கா களுவினிய?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. பெண்பிள்ளைகளுக்கு வியாபாரம் புரியாது.

டச்சுக்காரருக்கும் புரியவில்லை என்பதுதான் வேடிக்கை. கிட்டாரையும் பெட்டியையும் கொண்டுபோய் வைத்தேன். தடவித் தடவிப் பார்த்தார். பின்பக்கம் வந்ததும் கை நின்றது. இந்த வயரை எப்போது மாற்றினாய் என்றார். உள்ளதைச் சொன்னேன். வாங்க வருகிறவரிடம் நான் பொய் சொல்வதில்லை. உங்கள் ஹாலில் ஒருவர் இறந்துபோனாரே, அதற்கு முன்பா பின்பா என்றார். அதற்கும் உள்ளதைச் சொன்னேன். மனிதர் எழுந்து உள்ளே போனார். மறுநாள் நீங்கள் வந்தீர்கள். பழைய வயர் வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். அவருக்கு ஒரு விசாரணையும் இல்லை.

இனி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு வருகிறேன். சுவிட்ச் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஏன் உடனே அணைக்கவில்லை?

தாரகன் இரண்டாவது பாட்டைத் தொடங்கி மைக்கில் வாய் வைத்தான். குரல் நின்றது. உடம்பு விறைத்து, நின்ற இடத்திலேயே ஆடினான். முன்வரிசையிலிருந்து கஜந்தி என்னைப் பார்த்துத்தான் கத்தினாள்: "அண்ணை, சுவிச்சை நிப்பாட்டுங்கோ! அண்ணை!" எனக்குக் காது கேட்டது. ஆனால் கிட்டார் அவன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அணைத்திருந்தால் அவன் முகங்குப்புற விழுந்திருப்பான். கிட்டாரின் கழுத்து அவனுக்கு அடியில் முறிந்திருக்கும். கழுத்து போனால் அதற்கு மதிப்பே இல்லை. அவன் பின்பக்கம் சாயும்வரை பொறுத்திருந்தேன். சாய்ந்தான். அணைத்தேன்.

எல்லோரும் அவனைப் பிடிக்க ஓடினார்கள். நான் கிட்டாரைப் பிடித்தேன். இந்த அறையில்தானே வைத்திருக்கிறீர்கள், எடுத்துப் பாருங்கள். ஒரு கீறல்கூட விழவில்லை.