வலது கைச் சுற்று

என் பெயர் ஜொவெலின் கதாபாங், வயது முப்பத்தொன்று, கணவர் பெயர் எர்வின் கதாபாங். படாங்காஸ் நகரில் சந்தைக்குப் பின்தெருவில் சலவைக்கடை மாடியில் வசித்து வருகிறேன். அதே தெருவில் வேப் என்னும் மின்சிகரெட் கடை வைத்திருக்கிறேன். விசாரணை அதிகாரி வில்லாரூஸ் கேட்க, யாருடைய கட்டாயமும் இல்லாமல் நான் சொல்வதாவது:

கடையை நானும் என் கணவரும் சேர்ந்து தொடங்கினோம். எவர்சில்வர் வலைத் திரி வைத்த வேப் கருவிகளுக்குப் புதுச் சுருள் கட்டிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. வலையை வெட்டிச் சுருட்டி, தீயில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, அது கறுத்து வரும்வரை திரும்பத் திரும்பக் காய்ச்சுவது என் வேலை. கறுக்காத வலையில் கம்பி பட்டால் ஷார்ட் ஆகிவிடும். அதன் பிறகு அந்தத் திரிமேல் சூட்டுக்கம்பியைச் சுற்றித் திருகில் மாட்டுவது அவர் வேலை. அவர் இடது கைக்காரர் என்பதால் அவர் சுற்றும் சுருள் எல்லாம் ஊருக்கு எதிர்ப்பக்கமாகவே போகும். "என்ன எர்வின், கண்ணாடியப் பாத்துச் சுத்துனியா?" என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்தால், "புகை வாய்க்குத்தானே வருது, காதுக்கா வருது?" என்பார். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்று அதிகாரி கேட்டார். காரணம் இருக்கிறது.

என் கணவர் சொந்தமாக வைத்திருந்தது ஒரு பித்தளை வேப் கருவி. முதல் வருடக் கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. அடியில் எங்கள் கடைப் பெயரையும் இருவருடைய முதல் எழுத்துகளையும் நானே ஆணியால் கீறினேன். அதற்குத் திரி நான் சுருட்டித் தருவேன், கம்பியை அவர்தான் சுற்றுவார், என்னைக்கூடத் தொட விடமாட்டார்.

கப்பலில் வேலை தேடி அவர் மணிலாவுக்குப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அந்தக் கருவியையும் கொண்டு போனார். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து வந்தார், அதன் பிறகு போன் வரவில்லை, நான் செய்தாலும் போகவில்லை. நான் மணிலாவுக்குப் போய், மாலுமிகள் வேலைக்குக் காத்து நிற்கும் பூங்கா ஓரத்தில் அவர் படத்தைக் காட்டி விசாரித்தேன். கப்பல் ஏறிவிட்டார் என்று ஒருவர் சொன்னார், ஊருக்குப் போய்விட்டாரே என்று இன்னொருவர் சொன்னார். அதன் பிறகு நான் காத்திருந்தேன். சாப்பிடும்போது முள்கரண்டி கீழே விழுந்தால் ஆண்பிள்ளை விருந்தாளி வருவான் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நான் வேண்டுமென்றே தட்டிவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

சென்ற வாரம் மிந்தோரோ தீவிலிருந்து வந்த படகு வாடைக்காற்றில் கவிழ்ந்தது. கரை ஒதுங்கிய ஓர் ஆணின் சட்டைப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள், மேற்படி பித்தளைக் கருவி இருந்தது. கடைப் பெயரைப் பார்த்து என்னை வரச் சொன்னார்கள். என் மாமியார் பெலிசிதாஸும் உடன் வந்தார். உடலைக் காட்டினார்கள். உயரம் ஒத்திருந்தது, முகம் அடையாளம் சொல்லும்படி இல்லை. மாமியார் அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டு, "என் புள்ளதான், குடுத்துருங்க, நான் கொண்டுபோய்ப் பொதைக்கிறேன்" என்றார். என்னால் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு கருவியை மேசைமேல் வைத்தார்கள். கீறல் என்னுடையது. அனுமதி கேட்டு மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்த திரியும் நான் சுருட்டியதே, ஓரத்தை ஒருமுறை மடித்துவிட்டுச் சுருட்டுவது என் பழக்கம். வலைத் திரியைத் தீயில் சுட்டெடுத்து வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். கம்பி அப்படியல்ல, அடிக்கடி மாற்றியாக வேண்டும். அதிலிருந்தது கறை ஏறாத புதுக்கம்பி. அது வலது கையால் சுற்றப்பட்டிருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இது அவர் சுத்துனது இல்ல சார்" என்றேன். எங்காவது கடையில் கொடுத்துக் கட்டியிருக்கலாமே என்றார் அதிகாரி. "பொண்டாட்டியையே தொட விடாத மனுஷன் சார், எவன் கையிலயோ குடுப்பாரா?" என்றேன். "ரெண்டு வருஷத்துல மனுஷன் மாறமாட்டானாம்மா?" என்றார். அவர் அன்பாகத்தான் கேட்டார். அந்தக் கேள்வியையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

என் கணவர் அந்தக் கருவியை விற்றிருக்க வேண்டும். நான் ஆசையாக வாங்கிக் கொடுத்ததை அவர் விற்பார் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இப்போது, விற்றிருக்க வேண்டும் சாமி, எவனுக்காவது அடிமாட்டு விலைக்காவது தள்ளிவிட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். என்னை மறந்தே விற்றிருந்தாலும் சரி.

வெளியே பெஞ்சில் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குக் காத்திருக்க வயசு இருக்குடி. எனக்கு மெழுகுவத்தி ஏத்த ஒரு கல்லறையாவது வேணும்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. இறந்தவர் தன் மகன் என்று மாமியார் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் அப்படி எழுதிக் கொடுக்க மறுக்கிறேன்.

இறந்தவரின் உடைமை என்று மனைவியாக ஒப்பமிட்டால் கருவியை இன்றே கொண்டுபோகலாம் என்று அதிகாரி சொன்னார். அதுவரை அது என் கையில்தான் இருந்தது. கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. என் கணவர் உதடு பட்ட பொருள் என்று வீட்டில் வேறு எதுவும் மிச்சமில்லை. அதன் பிறகு மேசைமேல் வைத்துவிட்டேன். உறைக்குள் கடல் தண்ணீர் புகுந்திருக்கிறது, உப்பு பித்தளையை அரித்துவிடும், ஆகவே நல்ல தண்ணீரில் கழுவி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். யாராவது ஒரு பெண் தன் வீட்டுக்காரரைத் தேடி வந்தால் மூடியைத் திறந்து அந்தச் சுருளைக் காட்டுங்கள். அவளுக்குத் தெரியும்.

இவ்வாக்குமூலத்தைப் படித்துக் காட்டக் கேட்டேன். என் கணவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்ததை அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மை.

(ஒப்பம்)
ஜொவெலின் கதாபாங்
எர்வின் கதாபாங்கின் மனைவி